வேலி பயிரை மேய்வதேன்?

(தைராய்டு நோயின் காரணங்கள் குறித்து நம் சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தைராய்டு நோய் ஏன் வருகின்றது என்னும் வினாவுக்கு நம் குடியிருப்பில் விடைகளுக்குப் பஞ்சமில்லை. இவ்வூர்த் தண்ணீரே காரணம் என்பார் ஒருவர். அயோடின் கலந்த உப்பு என்பார் மற்றொருவர். ஓயாத கவலை என்பார் சிலர். உடலுழைப்பு இன்மை என்பார் வேறு சிலர். விடை எதுவாயினும், இறுதியில் குற்றம் சுமப்பவள் நோயுற்ற பெண்ணே ஆகின்றாள். அவள் சோர்ந்து படுத்தால் சோம்பல் என்கின்றோம். உடல் பருத்தால் வாயைக் கட்டத் தெரியாதவள் என்கின்றோம். அவள் மகளுக்கும் அதே நோய் கண்டால், "தாய் தந்த சீர்" என்று ஏசவும் தயங்குவதில்லை. பெண் பார்க்க வருவோர் கண்ணில் படாதவாறு மாத்திரைப் புட்டியை ஒளித்து வைக்கும் வீடுகளும் உண்டு.

இந்நோயின் காரணங்களைப் பற்றி அண்மைக் காலத்தில் பல புதிய உண்மைகள் வெளிவந்துள்ளன. 2025-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கு வழங்கப்பெற்ற நோபல் பரிசே இவ்வாராய்ச்சியோடு நெருங்கிய உறவுடையது. மேற்கூறிய ஏச்சுகளுள் எதற்கேனும் அவ்வுண்மைகள் இடந்தருகின்றனவா என்று பார்ப்பதே இன்று நம் நோக்கம்.

முதலில் சுரப்பியைப் பற்றிச் சில சொற்கள். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல அமைந்துள்ளது தைராய்டு. உணவில் உள்ள அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் சுரப்பைச் செய்து இரத்தத்தில் கலப்பது அதன் வேலை. உடலின் உயிரணுக்கள் எத்துணை விரைவாகத் தொழிற்பட வேண்டும் என்பதை அச்சுரப்பே வரையறுக்கின்றது. இதனை மேற்பார்வை செய்வது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி. தைராக்சின் குறைந்தால் அது டி.எஸ்.எச். என்னும் தூதினை மிகுதியாக அனுப்பும். கூடினால் தூதினைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின், ஆய்வுக்கூடத்துத் தாளில் டி.எஸ்.எச். எண் உயர்ந்திருந்தால் சுரப்பி தளர்ந்துள்ளது என்பதே பெரும்பாலும் பொருள். எண் ஏறியதைக் கண்டு சுரப்பு மிகுந்துவிட்டது என்று மயங்குவோர் பலராதலின் இதனைக் கூறினோம்.

இச்சுரப்பிக்கு நேரும் தன்னெதிர்ப்பு நோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று சுரப்பியைச் சிறிது சிறிதாக அழித்துத் தளர்த்துவது. ஜப்பான் நாட்டுக் கியூஷு பல்கலைக்கழகத்து இளம் மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ, கழுத்துக் கழலையுற்ற நான்கு பெண்களின் தைராய்டை உருப்பெருக்கியில் வைத்து ஆராய்ந்து, 1912-இல் ஜெர்மானிய ஏடு ஒன்றில் அதனை விளக்கினார். சுரப்பியின் திசுக்களிடையே வெள்ளணுக்கள் கூட்டங்கூட்டமாகக் குடியேறியிருக்கக் கண்டார் அவர். அவை அங்கே ஏன் வந்தன என்பது அவருக்கு விளங்கவில்லை. அவர் பின்னர்ச் சொந்த ஊருக்குத் திரும்பி அங்கேயே மருத்துவம் பார்த்து, 1934-இல் மறைந்தார். அவர் பெயர் உலகெங்கும் ஒரு நோய்க்கு வழங்கலாயிற்று என்பதைக் காண அவர் இருக்கவில்லை. மற்றொன்று, டப்ளின் நகரத்து ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விளக்கிய நோய். இதில் சுரப்பி தளராமல், கடிவாளம் அறுந்த குதிரை போல் ஓடுகின்றது. நெஞ்சு படபடக்கும், உடல் மெலியும், சிலருக்கு விழிகள் பிதுங்கும்.

நம் உடலின் பாதுகாப்புப் படை உடலையே தாக்கக் கூடுமோ? இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் பால் எர்லிக் என்னும் ஜெர்மானிய அறிஞர், உயிர் தன்னையே நஞ்சாக்கிக் கொள்ளத் துணியாது என்றோர் கருத்தை வெளியிட்டார். அவர் பெயருக்கிருந்த மதிப்பால் அது ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரு சட்டம் போலவே நின்றது.

அச்சட்டத்தை உடைத்த ஆண்டு 1956. அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் நோயல் ரோஸ் என்னும் இளம் ஆய்வாளர், முயலின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை முயலுக்கே ஊசி வழியாகச் செலுத்தினார். முயலின் உடல் தன் தைராய்டுக்கு எதிராகவே எதிர்ப்பொருளைச் செய்தது. சுரப்பியில் ஹஷிமோட்டோ கண்டது போன்ற வெள்ளணுக் கூட்டம் சேர்ந்தது. அவருடைய தலைவர் எர்னஸ்ட் விடெப்ஸ்கி, எர்லிக்கின் மாணவருக்கு மாணவர். ஆசிரியர் மரபுக்கு முரணான இம்முடிவை அவர் எளிதில் ஏற்பாரா? சோதனையை மீண்டும் மீண்டும் செய்யச் சொன்ன பின்னரே வெளியிட இசைந்தார். அதே ஆண்டில் இலண்டனில் டெபோரா டோனியாக் அம்மையாரும், ஐவன் ராய்ட் முதலிய தோழர்களும், ஹஷிமோட்டோ நோயாளரின் இரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதைக் கண்டனர். நியூசிலாந்தில் ஆடம்ஸ், பர்வெஸ் என்னும் இருவர், கிரேவ்ஸ் நோயாளரின் இரத்தத்தில் தைராய்டை நெடுநேரம் தூண்டும் பொருள் ஒன்று உள்ளதென்று அதே ஆண்டில் கண்டனர். அதுவும் ஓர் எதிர்ப்பொருளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிட்யூட்டரியின் தூது நுழைய வேண்டிய பூட்டில் அது கள்ளச்சாவியாக நுழைந்து, சுரப்பியை ஓயாமல் முடுக்குகின்றது.

ஆக, வேலி பயிரை மேய்கின்றது என்பது தெரிந்தது. ஏன் மேய்கின்றது என்பதற்கே அடுத்த எழுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

வெள்ளணுக்களுள் டி அணுக்கள் என்பவை மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் என்னும் சுரப்பியில் பயிற்சி பெறுகின்றன. உடலின் சொந்தப் பொருள்களைப் பகையென்று கருதும் அணுக்கள் அங்கேயே அழிக்கப்படுகின்றன. இத்தேர்வு முற்றும் பிழையற்றதாயின் தன்னெதிர்ப்பு நோயே இராது. ஆனால் தேர்வில் தப்பி வெளியேறும் அணுக்கள் நம் எல்லோர் உடலிலும் உள்ளன. இங்கே அமர்ந்திருக்கும் நலமுடையோர் உடலிலும் உள்ளன. எனின், நம்மில் பெரும்பாலோர் எவ்வாறு நலமாக இருக்கின்றோம்?

ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி தொடுத்த வினா இதுவே. பிறந்து மூன்று நாளான சுண்டெலிக் குட்டிகளின் தைமஸை அகற்றினால், அவற்றின் எதிர்ப்பாற்றல் குறைய வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். மாறாக அவை தன்னெதிர்ப்பு நோய்களுக்கு இரையாயின. நலமுள்ள எலியின் டி அணுக்களைச் செலுத்தியபோது அந்நோய்கள் தடுக்கப்பட்டன. ஆகவே டி அணுக்களுள் தாக்குவனவற்றோடு, தாக்குவோரை அடக்குவனவும் உள்ளன என்று அவர் துணிந்தார். 1995-இல் அவ்வடக்கும் அணுக்களை அவர் அடையாளம் காட்டினார். அவற்றை நீக்கி எஞ்சிய அணுக்களை மட்டும் செலுத்திய எலிகளுக்கு வந்த நோய்களின் பட்டியலில் தைராய்டு அழற்சியும் இருந்தது. பின்னர் 2001-இல், அமெரிக்காவில் மேரி பிரன்கோ அம்மையாரும் ஃபிரெட் ராம்ஸ்டெலும், பிறவியிலேயே நோயுற்று மடியும் ஒருவகை எலியினத்தை ஆராய்ந்து, ஃபாக்ஸ்-பி-3 என்னும் மரபணுவின் பழுதே அதன் காரணம் எனக் கண்டனர். அம்மரபணு பழுதுற்ற ஆண் குழந்தைகளுக்குக் குடல் நோய், நீரிழிவு ஆகியவற்றோடு தைராய்டு நோயும் தோன்றுவதுண்டு. அடக்கும் அணுக்கள் உருவாவதற்கு வேண்டிய மரபணு அதுவே என்பது சில ஆண்டுகளில் புலனாயிற்று. இம்மூவர்க்கும் 2025-இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

எலிகளைப் பற்றிய செய்தி மனிதருக்குப் பொருந்துமோ என ஐயுறலாம். புற்றுநோய் மருத்துவம் அதற்கு எதிர்பாராத சான்றளித்துள்ளது. வெள்ளணுக்களுக்கு இயற்கையாக அமைந்த வேறு சில தடைகளும் உண்டு, சி.டி.எல்.ஏ.-4, பி.டி.-1 என்பன அவற்றுள் இரண்டு. அத்தடைகளை நீக்கி, வெள்ளணுக்களைப் புற்றின் மீது ஏவும் மருந்துகள் 2011 முதல் வழக்கிற்கு வந்தன. அக்கண்டுபிடிப்பிற்காக ஜேம்ஸ் அலிசன், டசுகு ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்துகளை உட்கொண்டோருள் கணிசமானவர்களுக்கு, முன்னர்த் தைராய்டுக் கோளாறு இல்லாதவர்களுக்கும், சில திங்களுக்குள் தைராய்டு அழற்சி கண்டது. தடையைத் தளர்த்தினால் தைராய்டு தாக்கப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? கிரேவ்ஸ், ஹஷிமோட்டோ நோய்களோடு தொடர்புடையனவாக முன்னரே கண்டறிந்த மரபணுக்களுள் அதே சி.டி.எல்.ஏ.-4 இருப்பதும் எண்ணத்தக்கது.

இவ்விடத்தில் ஒன்றை இடைமறித்துச் சொல்ல வேண்டும். நோயெதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரப்படுத்தும் பொடிகளையும் கஷாயங்களையும் தைராய்டு நோயுள்ள பெண்களுக்கு உறவினர் அன்போடு வாங்கி வருகின்றனர். அப்பெண்ணின் உடலில் குறைந்தது எதிர்க்கும் வலிமையன்று. அதனை அடக்கி ஆளும் ஆற்றல். அப்பொடி விளம்பரப்படி வேலை செய்யாது போவதே நலம்.

இனி, தடை ஏன் தளர்கின்றது? குடிவழி ஒரு பங்கு என்பதில் ஐயமில்லை. டென்மார்க்கில் இரட்டையரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவர்க்குக் கிரேவ்ஸ் நோய் இருந்தால் மற்றவர்க்கும் அது காணப்பட்டது நூற்றுக்கு 35 வீதமே. சாதாரண இரட்டையரிடையே அது நூற்றுக்கு 3 அளவே. இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். மரபணு வலியது என்பதை இரண்டாம் எண் காட்டுகின்றது. ஆனால் மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் மூவரில் இருவர் தப்பிவிடுகின்றனர் என்பதை முதல் எண் காட்டுகின்றது. மரபின் பங்கு ஒரு மரபணுவாலும் அமைவதன்று; சிறு சிறு பங்குடைய பல மரபணுக்கள் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்து ஒருங்கு சேர வேண்டும். "தாய் தந்த சீர்" என்போர் தந்தை வீட்டுச் சீரையும் கணக்கில் எழுதிக்கொள்ளக் கடவர்.

பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிடப் பன்மடங்கு மிகுதியாக வருவதேன்? பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் எக்ஸ் குரோமோசோம் இரண்டு உள்ளன. அவற்றுள் ஒன்றை அமைதிப்படுத்த வேண்டும். அதற்கெனப் பெண்ணின் உயிரணு 'எக்ஸிஸ்ட்' என்னும் நீண்ட ஆர்.என்.ஏ. இழையைச் செய்து அக்குரோமோசோமைப் போர்த்துகின்றது. அவ்விழையோடு பல புரதங்களும் ஒட்டிக்கொள்கின்றன. இத்தொகுதியே சிலரிடம் வெள்ளணுக்களைத் தூண்டிவிடக் கூடும் என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2024-இல் வெளியிட்டனர். அவர்கள் சோதித்தது லூபஸ் போன்றதொரு நோயை எலிகளில், தைராய்டை அன்று. எனவே இதனைத் தைராய்டின் முடிந்த விடையாக நாம் கொள்ளலாகாது. எனினும் வினா எங்கே கிடக்கின்றது என்பதை அது காட்டிவிட்டது. பெண் உண்பதிலும் உறங்குவதிலும் கவலைப்படுவதிலும் தேடிக்கொண்டிருந்த விடை, அவள் பிறக்குமுன்னரே அமைந்த உயிரணுவின் ஏற்பாட்டில் இருக்கலாம்.

மகப்பேற்றின் பின் வரும் தைராய்டு அழற்சியும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. கருவுற்ற காலத்தில், பாதி தந்தையின் மரபைக் கொண்ட சிசுவை வெள்ளணுக்கள் தாக்காதவாறு அடக்கும் ஆற்றல் தாயின் உடலில் ஓங்குகின்றது. பிள்ளை பிறந்தபின் அவ்வடக்கம் விலகும்போது, ஏறத்தாழ நூற்றுக்கு 5 தாய்மார்க்கு ஓராண்டுக்குள் தைராய்டு அழற்சி தோன்றுகின்றது. முதலில் படபடப்பு, பின்னர்ச் சோர்வு. பெரும்பாலோர்க்குத் தானே தணியும், சிலர்க்கு நிலைத்துவிடும். பிள்ளை பெற்றவள் எழுந்து வேலை செய்ய மனமின்றிக் கிடக்கின்றாள் என்று மாமியார் குறைகூறுமுன், ஓர் இரத்தச் சோதனை செய்து பார்ப்பது நன்று. நம் குடியிருப்பில் பேறுகாலம் பார்க்கத் தாய் வீட்டார் ஆயிரம் மைல் கடந்து வருகின்றனர். சில வாரங்களில் திரும்பிவிடுகின்றனர். நோய் தலைகாட்டுவதோ பெரும்பாலும் அவர்கள் சென்ற பின்னரே.

அடுத்து உப்பு. இதில் சற்று நின்று பேச வேண்டியுள்ளது. அயோடின் மிகுந்தால் தன்னெதிர்ப்புத் தைராய்டு அழற்சி சிறிது மிகும் என்பது உண்மையே. சீனாவில் அயோடின் அளவு வேறுபட்ட மூன்று வட்டாரங்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். அயோடின் சற்றுக் குறைந்த இடத்தில் நூற்றுக்கு 0.2 பேருக்கும், தேவைக்கு மேற்பட்ட இடத்தில் 1.0 பேருக்கும், மிக மிகுந்த இடத்தில் 1.3 பேருக்கும் அவ்வழற்சி புதிதாகக் கண்டது. டென்மார்க்கில் 2000-இல் உப்பில் அயோடின் சேர்க்கக் கட்டளையிட்ட பின்னரும் தைராய்டு எதிர்ப்பொருள் உடையோர் தொகை உயர்ந்தது. இதனைக் கேள்வியுற்ற சிலர் அயோடின் உப்பைத் தள்ளிவிட்டு இந்துப்புக்கு மாறியுள்ளனர்.

தராசின் மற்றத் தட்டையும் பார்ப்போம். நாம் குடியேறியுள்ள இவ்வடபுலத்தில், இமயத்தின் அடிவாரமெங்கும், அயோடின் இன்மையால் கழுத்துக் கழலை ஊர்தோறும் மலிந்திருந்த காலம் ஒன்றுண்டு. மேலே சொன்ன அதே 1956-இல், இராமலிங்கசுவாமி முதலிய அறிஞர்கள் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடையே ஆய்வைத் தொடங்கினர். அயோடின் உப்பு வழங்கிய பகுதிகளில் ஐந்தாறு ஆண்டுகளில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வெறும் உப்பு வழங்கிய பகுதியில் குறையவில்லை. அவ்வாய்வே 1962-இல் தொடங்கிய தேசியக் கழலைத் தடுப்புத் திட்டத்திற்கு அடித்தளம். கழலை மட்டுமா? கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் இன்றியமையாதது. சீன ஆய்வின் கணக்கு நூற்றுக்கு ஒருவரைச் சுற்றி நிற்பது. அதுவும் அயோடின் அளவு மீறிய இடங்களைப் பற்றியது. அயோடின் இன்மையோ ஒரு தலைமுறையின் அறிவையே குறைக்க வல்லது. இந்துப்பில், தனியே சேர்த்தாலன்றி, தேவைக்கேற்ற அயோடின் இல்லை. கருவுறும் பருவத்துப் பெண்கள் உள்ள வீட்டில் அயோடின் உப்பைத் தள்ளுவது தவறு என்றே நாம் துணிந்து கூறுகின்றோம். கடற்பாசி மாத்திரைகள் போன்று அளவு தெரியாத அயோடினை விழுங்குவதே தவிர்க்க வேண்டியது.

புகைபிடித்தல் கிரேவ்ஸ் நோயையும் கண்நோயையும் வளர்க்கின்றது. இதில் கருத்து வேற்றுமை இல்லை. செலீனியம் என்னும் தாதுவைத் தந்தால் எதிர்ப்பொருளின் அளவு குறைவதுண்டு. ஆனால் அதனால் தைராக்சின் மாத்திரையை விட்டுவிடலாம் என்பதற்குச் சான்றில்லை. கவலையைப் பற்றி எழுதியவர் பலர், மெய்ப்பித்தவர் எவருமிலர்.

தண்ணீர்? சென்னை, தில்லி, மும்பை, கல்கத்தா உள்ளிட்ட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்த ஆய்வு 2013-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேருக்குத் தைராய்டு தளர்ச்சி இருந்தது. ஐவரில் ஒருவர்க்கு மேல் டி.பி.ஓ. என்னும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. கடற்கரை நகரங்களைவிட உள்நாட்டு நகரங்களில் தளர்ச்சி சற்று மிகுதி. ஆயினும் இரண்டிற்கும் இடைவெளி பெரிதன்று. ஊரை விட்டு வந்த நாம் தலைமயிர் உதிர்வது முதல் பருப்பு வேகாதது வரை எல்லாவற்றிற்கும் இவ்வூர்த் தண்ணீரையே நொந்துகொள்வது வழக்கம். இந்நோய்க்காக அதனை நொந்துகொள்வதற்கு இவ்வாய்வில் ஆதாரமில்லை.

எதிர்ப்பொருள் இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும். இங்கிலாந்தில் விக்காம் என்னும் ஊரில் 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். எதிர்ப்பொருள் மட்டும் உள்ள பெண்களுள் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2 பேர் அளவிலும், டி.எஸ்.எச்.சும் உயர்ந்திருந்த பெண்களுள் நூற்றுக்கு 4 பேர் அளவிலுமே சுரப்பி தளர்ந்தது. ஆதலின் ஆய்வுக்கூடத் தாளில் எதிர்ப்பொருள் என்னும் சொல்லைக் கண்டவுடன் நிச்சயித்த திருமணத்தை நிறுத்துவது எத்துணைப் பேதைமை! அப்பெண்ணுக்குத் தேவை, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ஒரு சோதனை; அவ்வளவே. கருவுற்றால் மட்டும் காலந்தாழ்த்தலாகாது. முன்னரே மாத்திரை உண்பவர் கருவுற்றது தெரிந்தவுடனே மருத்துவரைக் காண வேண்டும்; பெரும்பாலோர்க்கு மாத்திரையின் அளவைக் கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ உயர்த்த வேண்டியிருக்கும். இதற்கு அஞ்சியே மாத்திரைப் புட்டியை மறைத்தல் கூடாதென்கின்றோம். புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் உண்ணும் மாத்திரை, கருவுற்ற முதல் திங்களிலேயே உண்ணாமல் விடப்படும் மாத்திரையாகிவிடுகின்றது.

அடக்கும் அணுக்களைப் பெருக்கிச் செலுத்தும் மருத்துவம் வேறு சில நோய்களில் இன்று சோதனை நிலையில் உள்ளது. ஹஷிமோட்டோ நோயில் தளர்ந்த சுரப்பிக்கு இன்றளவும் மருந்து தைராக்சின் மாத்திரையே. விலை குறைந்தது, அளவறிந்து உண்டால் தீங்கற்றது. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் உண்ண வேண்டும். இரும்பு மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி இருக்கட்டும். காப்பி அம்மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கின்றது என்று கண்டுள்ளனர். எழுந்தவுடன் டிகாக்‌ஷன் இறக்கும் நம் வீடுகளுக்கு இது கடுமையான விதியே; எனினும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் காப்பி காத்திருக்கத்தான் வேண்டும். அதுவரை வீட்டிலுள்ள ஆடவர் யாரேனும் பாலைக் காய்ச்சி வைக்கலாம்.